நாவல் வாசிப்பும் நம் இல்வாழ்வும்



அமெரிக்க எழுத்தாளர் கேரன் ஜோய் ஃபௌலர் 2004ஆம் ஆண்டில் ஒரு நாவலை வெளியிட்டார். கலிபோர்னியாவில் ஐந்து பெண்களும் ஓர் ஆணும் மாதந்தோறும் கூடி, ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் ஆறு நாவல்களையும் ஒவ்வொன்றாக வாசித்து உரையாடுகின்றனர். நூலைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு தத்தம் வாழ்வைப் பற்றியே பேசுகின்றனர். பிரிந்த கணவனும் மனைவியும் மீண்டும் சேர்கின்றனர். தோழிக்கு வரன் தேடிய பெண், தான் தேடிய அந்த ஆண்மகன் மீதே காதல் கொள்கின்றாள். 2007இல் இக்கதை திரைப்படமாகவும் வந்தது.

இதனை நகைச்சுவைக் காதற்கதை என்று கண்டு சிரித்து விட்டுவிடலாம். ஆயினும், இக்கதையினுள் ஓர் உண்மை உண்டு. நேரே சொல்ல நாவெழாத செய்தியைப் பிறர் கதையின் மேலேற்றிச் சொல்லலாம் என்பதே அது. இவ்வழக்கம் அயல்நாட்டாருக்கே உரியதா? கொழும்புத் தமிழர் நாவல் வாசித்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

முதலில் ஒஸ்டின் அம்மையாரின் கதைப்பொருளைக் காண்போம். 1813இல் வெளிவந்த ‘கர்வமும் தப்பெண்ணமும்’ என்ற நாவலில் பெனற் குடும்பத்துக்கு ஐந்து பெண்மக்கள், ஆண்மகவு இல்லை. தந்தைக்குப் பின் வீடும் நிலமும் உறவினனான ஓர் ஆணுக்கே சேரும் என்பது அச்சொத்தின் விதி. ஆகவே அன்னைக்கு இரவும் பகலும் ஒரே கவலை: பெண்களைக் கரைசேர்ப்பது எவ்வாறு? அவ்வன்னையைக் கண்டு ஆங்கிலேயர் சிரிப்பர். நம்மவரோ சிரித்த மறுகணமே பெருமூச்சும் விடுவர்.

ஏனெனில், 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் பெண்ணின் சொத்தும் திருமணமும் ஒன்றோடொன்று பிணைந்தே கிடந்தன. சீதனம் பெற்று மணமுடித்த மகள், பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பங்கு கேட்கும் உரிமையை இழந்தாள். ஆங்கிலப் பெண்ணுக்கு நிலமில்லாமையால் கவலை. நம் பெண்ணுக்குத் தரவேண்டிய நிலத்தின் அளவால் கவலை. முடிச்சு வேறு, இறுக்கம் ஒன்றே. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் நாடி வெள்ளவத்தையில் குடியேறிய குடும்பங்கள் இக்கவலையையும் உடன்கொண்டே வந்தன.

இனி, நம் நாவலுக்கு வருவோம். தமிழில் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. இலங்கையிற் சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ 1885இலும், இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இலும் தோன்றின. திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளை 1895இல் ‘மோகனாங்கி’ என்னும் நாயக்கர் காலக் காதற்கதையை வெளியிட்டார். இவரே அதற்கு மூன்றாண்டு முன்னர் ‘தத்தை விடு தூது’ என்ற செய்யுள் நூலில் வீட்டினுள் அடைபட்ட பெண்ணின் விடுதலையைப் பேசியவர். காதற்கதை எழுதிய கையும் பெண்விடுதலை எழுதிய கையும் ஒன்றாயிருந்தது தற்செயலன்று. 1914இல் மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ என்னும் நாவலை எழுதினார். மணவாழ்வில் ஒரு பெண் படும் துயரை ஒரு பெண்ணே எடுத்துரைத்தாள் என்பது அன்று சிறிய செய்தியன்று.

பெரியோர் நாவலை ஐயத்துடன் நோக்கினர். பாடப்புத்தகத்துள் மறைத்து வைத்த கதைப்புத்தகம் பள்ளிக்கூடங்களிற் குற்றப்பொருளாயிற்று. கதை வாசித்தால் பெண் கெடுவாள் என்றனர். அவர்கள் அஞ்சியது முற்றும் பிழையன்று. ‘இவளுக்கு இன்னாரை மணமுடித்தது சரிதானா?’ என்று கதாநாயகியைக் குறித்துக் கேட்கப் பழகிய பெண், ஒருநாள் தன்னைக் குறித்தும் அதே கேள்வியைக் கேட்பாள் அன்றோ?

கொழும்பில் இத்தகைய பேச்சுக்கு இடமளித்தவை எவை? கொட்டாஞ்சேனையில் 1902இல் நிறுவப்பட்ட விவேகானந்த சபை சமயத்தையும் கல்வியையும் வளர்த்தது. 1942இல் தோன்றி வெள்ளவத்தையிலே நிலைகொண்ட கொழும்புத் தமிழ்ச்சங்கம் நூலகத்தாலும் சொற்பொழிவுகளாலும் வாசகரை ஒன்றுகூட்டியது. எனினும், நாவலைப் பொறுத்தவரை மெய்யான சங்கம் வீட்டுத் திண்ணையும் அடுக்களையுமேயாகும். 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றிய பின்னர் தொடர்கதை வீடுதேடி வந்தது. ஒருவர் உரக்க வாசிக்க, அரிசி புடைப்பவரும் பூத்தொடுப்பவரும் செவிமடுத்தனர். உறுப்பினர் பட்டியலோ சந்தாவோ இல்லை. அடுத்த கிழமைவரை விவாதம் மட்டும் ஓயாது.

1950இல் கல்கி தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ கடல்கடந்து வந்து நம் வீடுகளையும் ஆட்கொண்டது. குந்தவை, வானதி, பூங்குழலி என்னும் பெயர்களைத் தமிழர் தம் பெண்மக்களுக்கு இட்டனர். வாழ்வு கதையைப் போலாவதற்கு இதனினும் இனிய சான்று வேண்டுமோ? பின்னர், 1970களின் முற்பகுதியில் இந்திய ஏடுகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரி நிறுவனம் இலங்கை நாவல்களைத் தொடர்ந்து பதிப்பித்தது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ ஆகியன 1973இல் வெளியாகின. சோழ இளவரசியை விட்டு, வன்னிக் காட்டுப் பெண்ணையும் நெடுந்தீவுக் கடற்கரைக் காதலையும் பற்றி வெள்ளவத்தையிற் பேச்சு எழுந்தது.

1983 ஜூலையில் கொழும்புத் தமிழர் வீடுகள் எரிந்தன. வீட்டோடு நூல்களும் எரிந்தன. உடனிருந்து கேட்டவர்கள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சிதறினர். நூலை மீண்டும் வாங்கிவிடலாம். அதனைக் கேட்டுக் குறுக்கிட்டுப் பேசிய குரல்களை எங்கே வாங்குவது?

2000ஆம் ஆண்டில் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ என்ற தமிழ்த் திரைப்படம் வெளிவந்தது. 1811இல் ஒஸ்டின் வெளியிட்ட நாவலொன்றின் தழுவல் அது. மூலக்கதையில் இளைய சகோதரியை மணப்பவர் கீழைநாட்டிற் படைப்பணி புரிந்து மீண்ட கேணல். தமிழிலோ அவர் இந்திய அமைதிப்படையிற் சேர்ந்து, இலங்கைப் போரிற் காலை இழந்த மேஜர். நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கிலக் காதற்கதையொன்று சுற்றிச் சுழன்று வந்து, நம் மண்ணின் காயத்தையே தொட்டுவிட்டது. இனிமையான பாடல்களை எதிர்பார்த்து அமர்ந்த இலங்கைத் தமிழன் அவ்விடத்தில் வெறும் பார்வையாளனாக இருத்தல் இயலுமோ?

ஆகவே நேயர்களே, நாவல் பொழுதுபோக்கு மட்டுமன்று. தன் துயரைத் தன் பெயரிற் சொல்ல இயலாத ஒருத்திக்கு அது பிறிதொரு பெயரை இரவலாகத் தருகின்றது. ஆனால் அவள் பேசுவதைக் கேட்க அருகே ஒருவர் வேண்டும். தனியறையில் மௌனமாக வாசிப்பதோடு அமையாது, வீட்டாரும் அயலாரும் கூடிக் கிழமைக்கு ஓர் அத்தியாயமேனும் உரக்க வாசிப்போமாக. கதாநாயகி செய்தது சரியா, பிழையா என்று மகளும் பேத்தியும் வாதிடும்போது, மூத்தோர் சற்றுச் செவிகொடுத்துக் கேட்பார்களாக. அவர்கள் யாருடைய கதையைப் பேசுகின்றார்கள் என்பது அப்போது விளங்கும்.