தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயம்

ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை ஏடுகளில் மட்டும் தேடுதல் போதாது. மாந்தர் கூடி எழுப்பிய கட்டடங்களும் அவ்வரலாற்றைப் பேசும். ஏடெழுதுவோன் தான் விரும்பியதை எழுதலாம். கட்டடமோ அவன் எழுதாது விட்டதையும் ஒருவாறு உணர்த்திவிடும். இதற்குச் சான்றாகச் சோழநாட்டுக் கடற்கரையில் நிற்கும் பழைய கிறிஸ்தவ ஆலயமொன்றின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைப்பாம்.

முன்னாளில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்ததும், இந்நாளில் மயிலாடுதுறை மாவட்டத்தில் அடங்கியதுமாகிய தரங்கம்பாடி, காவிரி நாட்டின் கீழைக் கோடியிலுள்ள சிற்றூராகும். கல்வெட்டில் இதன் பெயர் சடங்கன்பாடி. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் இங்குள்ளது. அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, டேனியர் இவ்வூரில் கோட்டை கட்டி வாணிகம் நடாத்தினர்.

டேனிய அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, ஜெர்மானியராகிய சீகன்பால்கு ஐயரும் புளூட்சோ ஐயரும் 1706 ஜூலை 9-ஆம் நாள் இங்கு வந்து சேர்ந்தனர். ஐரோப்பியர் வழிபாட்டிற்கு 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம் அப்பொழுதே இருந்தது. தமிழ்ச் சபையார்க்கென ஒரு சிறு கோயில் எழுப்பப்பெற்று, 1707 ஆகஸ்டு 14-ஆம் நாள் எருசலேம் என்னும் பெயரோடு பிரதிட்டை செய்யப்பெற்றது. சபை பெருகவே அக்கோயில் இடம் போதாதாயிற்று. கடலின் அண்மையும் அதற்குப் பகையாயிற்று. ஆதலின், ராஜவீதியிலே புதிய ஆலயத்திற்கு 1717 பிப்ரவரி 9-ஆம் நாள் அடிக்கல் நாட்டினர். இருபது திங்களில் வேலை முற்றி, 1718 அக்டோபர் 11-ஆம் நாள் அது பிரதிட்டையாயிற்று. அதுவே புதிய எருசலேம் ஆலயம்.

இனி, அதன் அமைப்பைக் காண்போம். ஆலயம் சிலுவை வடிவினது. நான்கு கைகள் நடுவே வந்து கூடுவன. பிரசங்கத்தைச் சபையார் அனைவரும் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும் என்னும் கொள்கையுடையார்க்கு இவ்வடிவு மிகப் பொருந்தும். எக்கையில் இருப்போரும் நடுவிடத்திற்கு அணியராவர். முகப்பிலே முடிசூடிய அரசர் பெயர்முத்திரையும் 1718 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. வடிவு ஐரோப்பாவினது, பொருளோ நம் நாட்டினது. மலையில்லாத காவிரிப் படுகையில் பெரிய கோயிலுக்குக் கல்லை வெளியிலிருந்து கொணர்ந்தான் இராசராசன். இவ்வாலயத்தார்க்குச் செங்கல்லும் சுண்ணமுமே கல்லாயின. முகப்பில் நாம் காண்பது வேந்தன் முத்திரையே. செங்கல் அடுக்கிய கொத்தர் பெயர் அன்று.

ஆலயம் முடிந்து ஐந்து திங்கள் நிறையுமுன், 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், சீகன்பால்கு ஐயர் தம் 36-ஆம் வயதிற் காலமானார். தாம் கட்டிய ஆலயத்துள்ளேயே பீடத்தின் முன் அடக்கம் செய்யப்பெற்றார். அடுத்த ஆண்டில் மறைந்த குருண்ட்லர் ஐயரும் அங்கேயே துயில்கின்றார்.

கட்டடத்தின் கூற்று இது. அதனுள் அமர்ந்தார் செய்கையோ வேறாயிற்று. அச்சபையிலே சூத்திரர் எனப்பட்டோர் பாய்மேலும், பறையர் எனப்பட்டோர் வெறுந்தரையிலுமாக, இடையே வெளி விட்டு இருந்தனர். ஒரே கூரை, ஒரே பிரசங்கம். ஆயினும் ஒரே பாயன்று. தஞ்சை நாட்டில் உபதேசியாராய் உழைத்த இராசநாயக்கன் என்பார்க்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. அவர் பிறந்த குலம் கருதி வேளாளர் ஏலார் என அஞ்சி, 1741-இல் தியோகு என்பார்க்கே அதனை அளித்தனர். பாய்க்கிடையே விட்ட வெளி பீடம் வரைக்கும் நீண்டது.

தரங்கம்பாடியில் இருக்கையளவில் நின்ற இப்பிரிவு, பிற்காலத்துத் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்திலே சுவராகவே எழுந்தது. 1872-இல் அங்கெழுந்த கத்தோலிக்க ஆலயத்தில், சாதிக்கொன்றாக இருகூடங்கள் ஒரு பீடத்தை நோக்கின. இடைச்சுவரைப் பின்னர்க் குருமாரே இடித்தகற்றினர். அதன்மேல் எழுந்த வழக்கும் சாதியுரிமை கோரினார்க்கு வெற்றி தரவில்லை.

புதிய எருசலேம் ஆலயம் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையாற் சேதமுற்றது. செப்பனிடப்பெற்று 2006-இல் மீண்டும் பிரதிட்டையாயிற்று. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையார் இன்றும் அங்கே வழிபடுகின்றனர்.

அன்பர்களே! நம்மவர் எழுப்பிய கோயில், சத்திரம், மடம், பள்ளிக்கூடம் ஆகியவற்றின் வரலாற்றை எழுதுதல் நம் சங்கத்தின் கடமை. எழுதுங்கால், பொருள் தந்தார் பெயரோடு நின்றுவிடாது, உழைத்தார் யாவர், உள்ளே இடம் பெற்றார் யாவர், புறத்தே நிறுத்தப்பட்டார் யாவர் என்பனவற்றையும் எழுதுவோமாக. புகழை மட்டும் தொகுப்பது பாட்டியலார் தொழில்; உள்ளதை உள்ளவாறு கூறுதலே வரலாறு.