உள்ளாட்சிக் கடன் பத்திரங்கள்: தமிழ்நாடு

குடிநீர், சாலை, வடிகால் போன்ற பணிகளுக்காக உள்ளாட்சி அமைப்புகள் முதலீட்டாளர்களிடம் கடன் வாங்கி, அதற்கு ஈடாக வெளியிடுபவை உள்ளாட்சிக் கடன் பத்திரங்கள். அரசோ நிறுவனமோ வெளியிடும் கடன் பத்திரத்தைப் போலவே இதை வைத்திருப்பவரும் கடன் கொடுத்தவர், பங்குதாரர் அல்லர். நிர்வாகத்தில் அவருக்கு வாக்கில்லை. வருவாய் பெருகினாலும் கூடுதல் பங்கில்லை. குறித்த நாளில் வட்டியும், தவணை முடிவில் அசலும் அவருக்கு உரியவை.

பெங்களூரு மாநகராட்சி 1997இல் மாநில அரசின் உத்தரவாதத்துடன் பத்திரம் வெளியிட்டது. 1998இல் அகமதாபாத் அந்த உத்தரவாதம் இல்லாமலே 100 கோடி ரூபாய் திரட்டியது. தமிழ்நாட்டில் மதுரை மாநகராட்சி, உள்வட்டச் சாலைக்காக வாங்கியிருந்த கடனை அடைக்க 2001இல் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது.

மதுரையால் முடிந்தது திண்டுக்கல் மாவட்டத்துக் கீரனூர் போன்ற பேரூராட்சிகளுக்கு எளிதன்று. தேவைப்படும் தொகை சிறியது. தரமதிப்பீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஆகும் செலவோ பெரியது. இதற்கு வழியாக 2002இல் 13 சிறிய உள்ளாட்சிகளின் குடிநீர், துப்புரவுத் திட்டங்கள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு, கூட்டு நிதி ஒன்றின் பெயரில் 30.41 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. தவணை 15 ஆண்டு, வட்டி 9.20 விழுக்காடு. ஒரு லட்சம் ரூபாய் போட்டவருக்கு ஆண்டு வட்டி 9,200 ரூபாய். உள்ளாட்சிகளின் வருவாய் முதலில் தனிக் கணக்கில் சேரும். அது போதாதபோது மாநில அரசு அவற்றுக்குத் தரும் நிதிப்பகிர்வில் பிடித்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் ஓர் இருப்பு நிதியும், அசலில் பாதிக்கு அமெரிக்க வளர்ச்சி உதவி முகமையின் உத்தரவாதமும் இருந்தன.

தவணைக்கு முன் பத்திரத்தை விற்பவர் சந்தை விலையையே பெறுவார். புதிய பத்திரங்கள் 11 விழுக்காடு வட்டி தரும் காலத்தில் 9.20 விழுக்காட்டுப் பத்திரத்தின் விலை இறங்கும்; வட்டி 7 விழுக்காடானால் ஏறும். விலைவாசி உயர்வு, நிலையான வட்டியின் மதிப்பைத் தேய்க்கும். கடன் வாங்கியவர் தவணை தவறுவதே பெரிய இடர். உயர்ந்த தரமதிப்பு பெற்றிருந்த ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிதி நிறுவனமே 2018இல் தவணை தவறியது.

2025இல் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டுத் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது.