யாழ் மீட்ட வரலாறு

பழுதுபட்ட பொறியொன்றைப் பழைய நிலைக்குக் கொணர்வது பலருக்கு இன்பந்தரும் பணி. ஓடாத கடிகாரத்தையும் ஊமையாகிவிட்ட வானொலிப் பெட்டியையும் வீட்டின் ஒரு மூலையில் வைத்து, துருவைத் துடைத்து, தேய்ந்த உறுப்பை மாற்றி, மாதக்கணக்கில் உழைப்போர் எந்நாட்டிலும் உளர். அமெரிக்க நாட்டிலே நாணயமிட்டு ஆடும் 'பின்பால்' என்னும் பந்துப் பொறிகளை இவ்வாறு புதுப்பிப்போர் மிகப் பலர். சிக்காகோ நகரின் கோட்லீப் நிறுவனம் 1931 ஆம் ஆண்டில் இத்தகைய பொறியைப் பெருவாரியாக விற்கத் தொடங்கியது. பந்தைத் திருப்பி அடிக்கும் சிறு துடுப்புகள் 1947 இல் அதே நிறுவனத்தின் 'அம்ப்டி டம்ப்டி' என்னும் பொறியிலே சேர்ந்தன. அத்தகைய பழம்பொறியைத் திருத்துவோனுக்குப் பொறியின் உடல் கண்முன் நிற்கிறது. கம்பி செல்லும் வழியைக் காட்டும் வரைபடம் கிடைக்கிறது. அதே வகைப் பொறி வேறோரிடத்தில் இயங்குகிறது. விளக்கு எரிந்து பந்து ஓடினால் வேலை முடிந்ததென்று அவன் அறிவான்.

பொறியின் உடலே இல்லையென்றால் என் செய்வது? அதன் ஓசையைக் கேட்ட காது ஒன்றேனும் உலகில் இல்லையென்றால், சரியாயிற்றென்று யார் சொல்வது? இந்த வினாவோடு போராடிய ஒருவர் மட்டக்களப்புப் பகுதியிலே தோன்றினார். அவர் திருத்த முயன்ற கருவி தமிழரின் யாழ். அவர் பெயர் சுவாமி விபுலானந்தர். அவருடைய 'யாழ் நூல்' அரங்கேறியதும் அந்த 1947 ஆம் ஆண்டிலேதான்.

மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலோரத்துக் காரைதீவில், 1892 ஆம் ஆண்டிலே மயில்வாகனன் என்னும் பிள்ளைப் பெயரோடு அவர் பிறந்தார். அதே 1892 இல் சென்னையில் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே பத்துப்பாட்டை அவர் பதிப்பித்திருந்தார். யாழின் உறுப்புகள் யாவை, நரம்புகள் எத்தனை, அவற்றை எம்முறையில் கட்டுவது என்பனவெல்லாம் ஏட்டுச் சுவடிகளில் உறங்கிக் கிடந்தன. அவை அச்சில் ஏறிய காலமும், அவற்றைக் கூட்டிப் பொருத்தவல்லவர் பிறந்த காலமும் ஒன்றாயின.

மயில்வாகனனார் பெற்ற கல்வி இருவகைப்பட்டது. மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலே பயின்றவர், பின்னர் கொழும்பிலே தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் வென்றார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். யாழ்ப்பாணத்திலே விஞ்ஞானம் கற்பித்தார். 1924 இல் இராமகிருஷ்ண சங்கத்திலே துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். புலமைக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்போருக்கு யாழ் நூலே விடை. நூற்சொல்லுக்குப் பொருள் காணப் பண்டிதர் போதும். அப்பொருளை நரம்பின் நீளமாகவும் அதிர்வின் விகிதமாகவும் மாற்றுவதற்கு வேறொரு பயிற்சி வேண்டும். இரண்டும் ஒருவரிடத்தே அமைந்திருந்தன.

உறுப்புகளை எங்கே தேடுவது? முதற் புதையல் பொருநராற்றுப்படை. பொருநன் ஒருவனின் யாழை அதன் புலவர் தலைமுதல் அடிவரை வருணிக்கிறார். பத்தர் என்னும் குடம், மானின் குளம்பு நிலத்தில் பதிந்த சுவடுபோல இரண்டாகப் பிளந்து நடு உயர்ந்தது. அதன்மேல் விளக்கின் சுடர்நிறத்துத் தோல் போர்த்தப்பட்டிருந்தது. துளைகளை அடைத்த ஆணிகள், வளையில் வாழும் நண்டின் கண்களை ஒத்தன. வாய் எட்டாம் நாள் திங்களின் வடிவினது. அதில் உள்நாக்கு மட்டும் இல்லை. கோடு, தலையெடுத்த பாம்புபோல் மேல்நோக்கி வளைந்தது. நரம்பை இறுக்கும் திவவுகள், கரிய நிறத்தாள் ஒருத்தியின் முன்கை வளையல்களைப் போன்றன. நரம்போ, குற்றிய தினையரிசி போல் முறுக்கும் பிசிறும் நீங்கியது.

இவை வெறும் உவமைகள் என்று இலக்கிய மாணவன் கடந்து செல்லலாம். தச்சனுக்கு இவை அளவுக் குறிப்புகள். குளம்புச் சுவடு என்றால் குடத்தின் குறுக்குவெட்டு. எட்டாம் நாள் திங்கள் என்றால் அரைவட்ட வாய். பாம்பின் தலை என்றால் கோட்டின் வளைவு. பெரும்பாணாற்றுப்படையிலோ இன்னும் எளிய கருவி ஒன்று வருகிறது. ஆயன் ஒருவன் குமிழ மரத்தின் உட்டுளையுடைய கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை முறுக்கிக் கட்டி, தன் கையால் செய்த வில்யாழிலே குறிஞ்சிப் பண்ணை இசைக்கிறான். அரசவையிலே மிளிர்ந்த கருவிக்கும் மேய்ச்சல் நிலத்திலே செய்த கருவிக்கும் வடிவம் ஒன்றே. வில்லின் நாணிலிருந்து யாழ் பிறந்ததென்னும் கொள்கைக்கு இப்பாடல் நல்ல சான்று.

கல்லும் சான்று பகர்ந்தது. அமராவதிச் சிற்பங்களில் வில்போல் வளைந்த யாழைப் பெண்கள் மடியில் ஏந்தி மீட்டுகின்றனர். பர்மா நாட்டிலே 'சவுங்' என்னும் வளைந்த யாழ் இன்றளவும் வழங்குகிறது. மேற்கே ஊர் என்னும் சுமேரியப் பழநகரின் அரச கல்லறைகளில் லியோனார்ட் வூலி 1920களில் யாழினத்துக் கருவிகளைக் கண்டெடுத்தார். மரம் மக்கி மண்ணாகியிருந்தது. மரம் இருந்த வெற்றிடம் மட்டும் எஞ்சியிருந்தது. அவ்வெற்றிடத்திலே அவர் சாந்தைக் குழைத்து ஊற்றி மறைந்த வடிவத்தைப் பிடித்தெடுத்தார். விபுலானந்தர் செய்ததும் ஒருவகையில் அதுவே. தமிழ் நூல்களிலே யாழ் விட்டுச் சென்ற வெற்றிடத்தில் அவர் கணிதத்தை வார்த்தார்.

உடலைவிடக் கடினமானது நரம்பின் சுருதி. வீணையிலே மெட்டுகள் உண்டு. ஒரு தந்தியில் பல சுரம் பிறக்கும். யாழில் மெட்டு இல்லை. ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. ஆதலால் நரம்பைச் சேர்க்கும் முறை தெரியாவிடின் யாழ் வெறும் மரச்சட்டமே. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே, மாதவியின் யாழாசிரியனைப் பற்றிக் கூறும் சில அடிகளிலே அம்முறை பொதிந்திருந்தது. அச்சில அடிகளின் விளக்கமாகவே யாழ் நூல் வளர்ந்தது.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு நரம்புகள். அவற்றுக்குரிய அலகுகள் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2, ஆக 22. முப்பத்தாறு விரல் நீளமான நரம்பு குரலாயின், பதினெட்டு விரல் நீளத்தில் மேற்குரல் பிறக்கும். இருபத்துநான்கு விரலில் இளி பிறக்கும். இருபத்தேழு விரலில் உழை பிறக்கும். இளிக்கு இளியாக மேன்மேலும் தொடுத்துச் சென்றால் பன்னிரண்டு நிலைகள் கிடைக்கும். அவற்றைப் பன்னிரண்டு இராசிகளாக வட்டத்தில் நிறுத்துவதே ஆயப்பாலை. ஆயின் பன்னிரண்டாம் இளி, தொடங்கிய இடத்தில் சரியாக வந்து பொருந்துவதில்லை. ஏழு மேற்குரல்களின் மடங்கு 128. பன்னிரண்டு இளிகளின் மடங்கோ 129.7. இச்சிறு வேறுபாட்டை எங்கே வைப்பது என்பதே இசைக் கணக்கின் பெரும் சிக்கல். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்திலே ஒரு நிலையைச் சமமான 24 பிரிவுகளாக வகுத்தார். விபுலானந்தர் 22 அலகுகளையே கொண்டு, இயற்கை விகிதங்களின் வழியே சென்றார். தமிழிசைக்காக வாழ்நாளைச் செலவிட்ட இருவரும் இவ்வாறு வேறுபட்டனர். கணக்கு ஒன்றானாலும் கொள்ளும் வழி ஒன்றாவதில்லை.

குரலை விட்டு வேறொரு நரம்பைக் குரலாக்கினால் வேறொரு பாலை பிறக்கும். இவ்வாறு செம்பாலை முதல் மேற்செம்பாலை ஈறாக ஏழு பாலைகளையும் வகுத்து, அவற்றின் வழியே பண்களையும் தேவார இசையையும் நூல் ஆராய்கிறது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என அது ஏழு இயல்களை உடையது. வில்யாழ் தொடங்கி, 7 நரம்புடைய செங்கோட்டியாழ், 14 நரம்புடைய சகோடயாழ், 21 நரம்புடைய பேரியாழ் முதலியவற்றை அது விளக்குகிறது.

இத்தனைக்கும் அவர் ஓரிடத்தில் அமர்ந்து எழுதியவர் அல்லர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியில் ஆங்கில இதழொன்றின் ஆசிரியராயிருந்தார். 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். இவற்றுக்கிடையே கணக்குத் தாள்கள் அவருடனேயே சென்றன.

ஆயினும் அவர் இசையுணர்வின் ஊற்று மட்டக்களப்பு வாவிதான். நிலவு காயும் இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் இறக்கி அதன் காம்பிலே காதை வைத்தால், மெல்லிய நரம்பொலி போன்ற ஓசை எழுவதை அவ்வூரார் அறிவர். 'மீன் பாடும் தேனாடு' என்னும் பெயர் அதனாலேயே வந்தது. 1848 இல் எமர்சன் டென்னன்ட் அவ்வொலியைக் கேட்டு, பின்னர் தம் இலங்கை வரலாற்று நூலில் விரிவாக எழுதினார். அவ்வொலியையே பொருளாகக் கொண்டு 'நீரர மகளிர்' என்ற பாடலை விபுலானந்தர் இயற்றினார். எழுப்புவது யார் என்று காணமுடியாத இசையைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம், கேட்கமுடியாத யாழைத் தேடியவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது.

1947 ஆம் ஆண்டு சூன் மாதம் 5, 6 ஆம் நாட்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், திருஞானசம்பந்தர் திருமுன்னே யாழ் நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அடிகளாரின் கணக்கின்படி அமைந்த கருவிகளை ஊர்வலமாகக் கொண்டுவந்தனர், க. பொ. சிவானந்தம் பிள்ளை அவற்றை மீட்டினார். யாழிலே வல்ல திருநீலகண்டப் பெரும்பாணர் உடன்செல்லப் பாடிய சம்பந்தரின் திருமுன்னே, பல நூற்றாண்டுகளாக ஓய்ந்திருந்த கருவியின் பெயரால் நரம்பொலி எழுந்தது. அடிகளாரின் உடல் அப்போதே நலிந்திருந்தது. ஏழு கிழமைக்குள், சூலை 19 ஆம் நாள், அவர் மறைந்தார். கல்லடி உப்போடையில் அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் முன்றிலே அவர் சமாதி அமைந்தது.

அவர் மீட்ட யாழ் பழைய யாழேதானா? இவ்வினா நேர்மையானது. அவர்தம் காலத்துக்குப் பின்னும் புதிய சான்றுகள் கிடைத்தன. அடியார்க்குநல்லார் தமக்குத் துணையாகக் குறித்த இசைநூல்களுள் ஒன்றான 'பஞ்சமரபு' 1970களில்தான் அச்சேறியது. அடிகளார் அதனைக் கண்டதில்லை. காணாமற்போன உறுப்பொன்று, பொறியைப் பூட்டிய பின் கிடைப்பது போன்றது இது. அதனால் அவர் கணக்கிற் சில திருத்தம் பெறலாம், வழி மாறுவதில்லை. நூலைச் சான்றாகவும், சிற்பத்தை அளவுகோலாகவும், விகிதத்தை நடுவராகவும் கொள்ளும் வழி அவர் இட்டது. அண்மை ஆண்டுகளில் யாழைத் தம் கையால் செய்து பார்க்கும் இளந்தலைமுறையினர் தமிழகத்திலே தோன்றியிருக்கின்றனர். மரத்தைக் குடைந்து, தோலைப் போர்த்தி, நரம்பைக் கட்டுமிடத்து அவர்களும் அதே அடிகளிடமே செல்லவேண்டியிருக்கிறது.

தமிழிலே 'மீட்டல்' என்னும் சொல் இழந்ததைத் திரும்பப் பெறுவதையும் நரம்பைத் தடவி இசை எழுப்புவதையும் ஒருங்கே குறிக்கும். கல்லடியிலே இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் சுவாமி விபுலானந்தர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே மாணவர் நரம்பைச் சுருதி சேர்க்கும்போது அச்சொல்லின் இரு பொருளும் ஒன்றாகின்றன.