எண்ணப்படாத வாக்கு

2016 மார்ச் 18. உத்தராகண்ட் சட்டப்பேரவையில் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கான நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வாக்கெடுப்புக்கு வந்தது. ஆளும் காங்கிரஸின் 9 உறுப்பினர்கள் பாஜகவினரோடு சேர்ந்து, வாக்குகளை எண்ணிப் பதிவு செய்யக் கோரினர். பேரவைத் தலைவர் கோவிந்த் சிங் குஞ்ச்வாலோ, குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறியதாக அறிவித்தார்.

நிதி ஒதுக்கத்தில் தோற்கும் அரசு பதவி விலகுவது மரபு. அந்த எண்ணிக்கை ஒரு ஆட்சியின் ஆயுளையே தீர்மானித்திருக்கும்.

மார்ச் 27 அன்று அந்த ஒன்பதின்மரும் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். அவர்கள் தாமாகவே கட்சியை விட்டு விலகியதாகக் கருதப்பட்டனர். முதல்வர் ஹரீஷ் ராவத்தை எதிர்ப்பது கட்சியைத் துறப்பதாகாது என்பது அவர்கள் தரப்பு விளக்கம்.  அவ்விளக்கம் வழக்கு ஆவணங்களில் இடம்பெற்றது. அதே நாளில் குடியரசுத் தலைவர் ஆட்சியும் வந்தது. மாநிலத்தின் செலவுகளுக்கு மத்திய அரசின் அவசரச் சட்டமே வழிசெய்தது.

ஏப்ரல் 21 அன்று உயர்நீதிமன்றம் குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்தது. மே 10 அன்று உச்சநீதிமன்ற மேற்பார்வையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஒன்பதின்மரும் வாக்களிக்க அனுமதிக்கப்படவில்லை. ராவத் 33–28 என வென்றார்.

அரசமைப்பின் 194ஆம் பிரிவு உறுப்பினரின் பேச்சையும் வாக்கையும் நீதிமன்ற வழக்குகளிலிருந்து காக்கிறது. 1985இல் வந்த பத்தாவது அட்டவணையோ கட்சி ஆணையை மீறும் வாக்குக்குப் பதவியையே விலையாகக் கேட்கிறது. டேராடூனில் அந்த விலை வசூலிக்கப்பட்டது. வாக்கு மட்டும் பதிவாகவில்லை. தம் பிரதிநிதி எதற்கு இசைந்தார், எதை மறுத்தார் என்று அறியத் தொகுதி மக்களுக்கு எஞ்சியவை கட்சிகளின் அறிக்கைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளுமே.