காப்புக் கலமே புகலிடமாதல்: கசநோய்ப் பற்றீரியா பற்றிய அறிவின் வரலாறு

உடலினுட் புகும் நுண்ணங்கிகளை விழுங்கிச் செரித்து அழிப்பது தின்குழியங்களின் தொழில். ஆயின், கசநோய்ப் பற்றீரியா அத்தின்குழியத்தினுள்ளேயே குடிகொண்டு பெருகுகின்றது. அழிக்க வந்த கலமே அதற்குப் புகலிடமாகிவிடுகின்றது. 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 12.5 இலட்சம் மக்களைப் பலிகொண்ட இந்நோயின் வலிமை பெரும்பாலும் இவ்வியல்பிலேயே தங்கியுள்ளது. இவ்வுண்மை எவ்வாறு படிப்படியாகத் தெளிவுற்றது என்பதையும், அத்தெளிவு ஆய்வுகூடத்துக்கு வெளியே எதனைச் சுட்டுகின்றது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1882ஆம் ஆண்டு இரு வகையிற் சிறப்புடையது. அவ்வாண்டு மார்ச் 24ஆந் திகதி பேர்லினில் ரொபேட் கொக் கசநோய்க்குக் காரணமான பற்றீரியாவைத் தாம் கண்டறிந்தமையை அறிவித்தார். நோயுற்ற இழையங்களிலுள்ள இராட்சதக் கலங்களினுள்ளே அப்பற்றீரியாக்கள் கிடப்பதையும் அவர் கண்டிருந்தார். அதே ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில் ரஷ்ய விலங்கியலறிஞர் மெச்னிக்கொவ், நட்சத்திர மீனின் குடம்பியில் ரோசா முள்ளைக் குத்தி, அதனைச் சூழ்ந்து அசையுங் கலங்கள் திரள்வதைக் கண்டார். தின்குழியக் கொள்கை இதிலிருந்தே பிறந்தது. பின்னர், உடலைக் காப்பது குருதிப் பாயமா, கலமா என்ற வாதம் பல்லாண்டுகள் நீடித்தது. 1908இல் எர்லிக்கும் மெச்னிக்கொவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எனினும், விழுங்குதல் வேறு, கொல்லுதல் வேறு என்பது இவ்வாதத்திற் போதிய கவனத்தைப் பெறவில்லை.

அவ்வேறுபாட்டை வற்புறுத்தியது மருத்துவத் தேவையே. 1948இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபையின் பரிசோதனையில், ஸ்ரெப்ரோமைசின் பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் ஆறு மாதத்தினுள் இறந்தனர். மருந்தின் பயன் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. ஆயினும் மருந்தை எதிர்க்கும் பற்றீரியாக்களும் விரைவிலே தோன்றின. 1952இல் மக்கனெஸ் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. ஸ்ரெப்ரோமைசின் கலத்துக்கு உள்ளேயிருக்கும் பற்றீரியாக்களைச் சிறிதளவே தாக்குகின்றது; ஐசோனயசிட் அவற்றைக் கலத்தினுள்ளேயே தாக்கவல்லது. பற்றீரியா எங்கே வாழ்கின்றது என்பது சிகிச்சையைத் தீர்மானிக்கும் வினாவாயிற்று.

1955இல் டி டூவ் இலைசோசோம்களை இனங்கண்டமை அடுத்த படியாகும். விழுங்கப்பட்ட நுண்ணங்கியைக் கொண்ட புன்வெற்றிடத்துடன் செரிப்பு நொதியங்கள் நிறைந்த இலைசோசோம் ஒன்றிணைவதாலேயே நுண்ணங்கி அழிகின்றது. இலண்டனில் ஆம்ஸ்ரோங், டார்சி ஹாட் ஆகிய இருவரும் பெரிட்டின் என்னும் இரும்புப் புரதத்தால் இலைசோசோம்களை அடையாளமிட்டு, இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தனர். 1971இல் வெளியான அவர்களின் முடிவு வியப்புக்குரியது. இறந்த பற்றீரியாக்களைக் கொண்ட புன்வெற்றிடங்களுடன் இலைசோசோம்கள் ஒன்றிணைந்தன; உயிருள்ளவற்றைக் கொண்டவை பெரும்பாலும் ஒன்றிணையவில்லை. தன்னை விழுங்கிய கலத்தின் செயலை உயிருள்ள பற்றீரியாவே தடுக்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று. ஆயின், 1975இல் அவர்களே தம் விளக்கத்துக்கு ஓர் எல்லை வகுத்தனர். பிறபொருளெதிரிகளைக் கொண்ட பாயத்திலே தோய்த்த பற்றீரியாக்களை உட்செலுத்தியபோது ஒன்றிணைதல் நிகழ்ந்தது. அப்போதும் பற்றீரியா மடியவில்லை. தடுத்தல் ஒரு வழி. தாங்குதல் இன்னொரு வழி.

1994இல் மேலும் ஒரு காரணம் வெளிப்பட்டது. புன்வெற்றிடத்தை அமிலமாக்கும் ஐதரசன் அயன் பம்பிகள் இப்பற்றீரியாவின் இருப்பிடத்தில் அருகியே காணப்படுகின்றன. ஆகவே அங்கு பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 6.4 அளவிலேயே நின்றுவிடுகின்றது. ஏனைய கலவுட் பற்றீரியாக்கள் வேறு வழிகளைக் கைக்கொள்கின்றன. லிஸ்ரீரியா புன்வெற்றிடத்தின் மென்சவ்வைத் துளைத்துக் குழியவுருவுக்குத் தப்பிச்செல்கின்றது. கொக்சியெல்லாவோ இலைசோசோமின் அமிலத்திலேயே செழிக்கின்றது. நோக்கம் ஒன்றாயினும் உபாயங்கள் பல.

இனி, தின்குழியம் என்றும் கையாலாகாததன்று. நோயை எதிர்க்கும் வலிமை குருதிப் பாயத்தாலன்றிக் கலங்களாலேயே கிட்டுகின்றது என்பதை 1962இல் லிஸ்ரீரியா தொற்றிய எலிகளிலே மக்கனெஸ் காட்டினார். ரி நிணநீர்க்கலங்கள் சுரக்கும் காமா இன்ரபெரோன் தின்குழியத்தை ஊக்குவிக்கின்றதென 1983இல் நிறுவப்பட்டது. அவ்வூக்கம் தளரும்போது அடங்கிக்கிடந்த நோய் தலைதூக்குகின்றது. போசாக்கின்மையும் எச்.ஐ.வி. தொற்றும் கசநோயைப் பெருக்குவதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

இவ்விடத்து டார்சி ஹாட்டின் வாழ்க்கை நினைவுகூரத்தக்கது. 1948ஆம் ஆண்டுப் பரிசோதனைக் குழுவின் செயலாளராயிருந்த அவர், அதற்கு முன் 1937 முதல் தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயை ஆராய்ந்தவர். தூசியால் நோயுற்ற தொழிலாளருக்கு நட்டஈடு விரிவாக்கப்பட 1943இல் வழிசெய்தது அவ்வாய்வே. 1971ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. சுரங்கத்துக்கும் தின்குழியத்துக்கும் தொடர்பில்லை எனக் கருதுதல் தவறு. பாறைத் தூசியிலுள்ள சிலிக்காத் துகளை விழுங்கும் தின்குழியத்தின் இலைசோசோம் மென்சவ்வு சிதைந்து அக்கலம் மடிகின்றதென 1966இல் அலிசன் குழுவினர் காட்டினர். சிலிக்காத் தூசியால் நுரையீரல் கெட்ட தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே கசநோய் மிகுந்து காணப்படுதற்கு இது முக்கிய விளக்கமாகும்.

ஆகவே, பற்றீரியாவின் தந்திரத்தை மட்டும் பேசி அமைவது அரைகுறை அறிவாகும். அது எதிர்கொள்ளும் தின்குழியம் ஒரு தொழிலாளியின் நுரையீரலில் உள்ளது. அவர் உண்ணும் உணவும், உறையும் அறையும், வேலைத்தலத்திற் சுவாசிக்குந் தூசியும் அக்கலத்தின் வலிமையை முன்னரே நிர்ணயித்துவிடுகின்றன. ஐசோனயசிட் கலத்தினுட் புகும், அச்சுரங்கத்தினுட் புகாது. அதன் தூசியை அகற்றுதல் சமுதாயத்தின் பணியாகும்.