யானையைக் கட்டித் தீனி போட்ட கதை

விமானம் வாங்குற கம்பெனிக்கு ரெண்டு கணக்கு உண்டு. ஒரு தடவை பறக்க என்ன செலவு என்பது ஒன்று. ஒரு சீட்டுக்கு என்ன செலவு என்பது இன்னொன்று. ரெண்டாவதை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பான் ஆம் கதையைப் பாருங்கள்.

1966 ஏப்ரலில் அதன் தலைவர் ஹுவான் டிரிப் 25 போயிங் 747 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். 52.5 கோடி டாலர்! அப்போது ஓடிக்கொண்டிருந்த 707ஐப் போல இரண்டரை மடங்கு பெரிசு. சீட்டுக்கான செலவு 30 சதவீதம் குறையும் என்றார்கள்.

சும்மா உதாரணத்துக்கு, 150 சீட் 707 ஒரு தடவை பறக்க 150 ரூபாய்னு வைங்க. சீட்டுக்கு ஒரு ரூபாய். 360 சீட் 747க்கு 250 ரூபாய். சீட்டுக்குச் சுமார் 70 பைசாதான். ஆனா ரெண்டிலும் 125 பேர்தான் ஏறினால்? 707ல் தலைக்கு ரூ.1.20, 747ல் ரூ.2! காலி சீட் டிக்கெட் வாங்காதே!

1970 ஜனவரி 22ல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு முதல் 747 கிளம்பியது. அந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் பொருளாதார மந்தம். 1973ல் எண்ணெய் விலையும் எகிறியது. சீட்டுகள் நிறையவில்லை, கடன் மட்டும் நின்றது. அப்புறம் 1980ல் நேஷனல் ஏர்லைன்ஸை வாங்கியது, 1988ல் லாக்கர்பி குண்டுவெடிப்பு என்று அடிமேல் அடி. 1991 டிசம்பரில் பான் ஆம் மூடப்பட்டது.

747 மோசமான விமானமா? இல்லவே இல்லை. 2023 ஜனவரியில் கடைசி விமானம் டெலிவரி ஆகும்வரை 1,574 தயாரானது. யானை நல்ல யானைதான். தீனி போட வரும்படி வேணுமே!