விடுதலை நாள் இல்லாத தீவு

போன பள்ளி விடுமுறைக்கு அக்கா மகன் பாரிட் புந்தாரில் எங்கள் வீட்டில்தான் இருந்தான். நாள் முழுக்க 'பிரிசன் ஆர்க்கிடெக்ட்' என்ற கணினி விளையாட்டு. சிறையைக் கட்டி, வார்டர்களை வேலைக்கு வைத்து, கைதிகளைத் தரம் பிரித்து அடைக்க வேண்டும். "இவன் ரொம்ப டேஞ்சர் மாமா, தனியாத்தான் போடணும்" என்று ஒருவனைக் காட்டினான். அவன் பெயர், குற்றம், தண்டனைக் காலம் எல்லாம் திரையில் இருந்தன. எனக்குப் பூலாவ் செனாங் ஞாபகம் வந்தது.

சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள சின்னத் தீவு அது. மலாயில் 'செனாங்' என்றால் சுகம். 1960இல் ரகசியக் கும்பல்களைச் சேர்ந்த 50 பேரை முதலில் அங்கே கொண்டுபோனார்கள். சுற்றுச்சுவர் கிடையாது, கம்பிக் கொட்டடி கிடையாது. கண்காணிப்பாளர் டேனியல் டட்டன், உழைப்பு மனிதனைத் திருத்தும் என்று மனதார நம்பியவர். காட்டை வெட்டிச் சாலை போட்டதும் கட்டடம் எழுப்பியதும் கைதிகள்தான். பலர் திருந்திவிட்டதாக விடுதலையும் பெற்றார்கள்.

ஆனால் அவர்களை அங்கே அனுப்பியது நீதிமன்றம் அல்ல. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டம். இத்தனை வருஷம் என்று தீர்ப்பு எதுவும் இல்லை. வீட்டுக்குப் போவது அதிகாரிகளின் மதிப்பீட்டைப் பொறுத்தது. 1963 ஜூலையில், படகுத்துறையில் கூடுதல் நேரம் வேலை செய்ய மறுத்த 13 தச்சர்களைச் சாங்கி சிறைக்கே திருப்பி அனுப்பினார்கள். சில நாளில், ஜூலை 12 அன்று, கைதிகள் தாங்கள் கட்டியதையெல்லாம் தாங்களே கொளுத்தினார்கள். டட்டனும் மூன்று அதிகாரிகளும் கொல்லப்பட்டார்கள்.

தீவுக்கு அனுப்பும்போது கூடாத நீதிமன்றம் அதன் பிறகு கூடியது. 58 பேர் மீது வழக்கு. 18 பேருக்குத் தூக்கு. தீவு எரிந்தபோது மலேசியா பிறக்கவில்லை. விசாரணை நடந்தபோது சிங்கப்பூர் மலேசியாவுக்குள் இருந்தது. 1965 அக்டோபர் 29 அன்று அந்த 18 பேரைத் தூக்கிலிட்டபோது அது பிரிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

டட்டனின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. நாள் குறிக்காமல் அடைத்து வைத்தவனிடம், நன்றாக உழைத்தால் போகலாம் என்று சொல்வது நம்பிக்கையா மிரட்டலா என்பதுதான் என் கேள்வி.

"இவனுக்கு எப்ப ரிலீஸ்?" என்று மருமகனைக் கேட்டேன். "அதான் இங்க போட்டிருக்கே மாமா" என்றான்.